சடசடத்த கவுன்

நைலான் சேலையை மடிக்கையில் அது சடசடத்தால் என் கை இன்றும் நின்றுவிடுகிறது. பன்னிரண்டு வயதில், நைலான் கவுன் போட்டுக்கொண்டு, சபை ஊழியக்காரர்களோடு தாயில்பட்டிப் பக்கம் ஓர் அனாதை இல்லத்துக்கு இயேசு பாட்டு சொல்லிக்கொடுக்கப் போனேன். இப்போது அந்த இடம் வெறும் கருவேலங்காடு. அன்று அங்கே பிள்ளைகள், துணி உரசி உடம்பில் ஏறிய மின்சாரம் பொறியாகாதபடி மண்ணில் இறக்கிவிட்டு வெடிமருந்து அறைக்குள் நுழையும் பட்டாசுத் தொழிலாளிகளைப் போல, வாசல் மண்ணில் உள்ளங்கையை அழுத்திவிட்டே வகுப்புக்குள் வந்தார்கள். விளையாட்டு என்று நினைத்து நான் நேரே உள்ளே போய்விட்டேன். பாட்டின் நடுவே கைகளை உயர்த்தியதும் என் கவுன் சடசடத்தது. பாட்டு நின்றது. அத்தனை பேரும் சத்தமில்லாமல் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

"மண்ணத் தொட்டுட்டு வாங்கக்கா," என்றாள் ஒரு சிறுமி. "எங்கம்மா தொடாமத்தான் மருந்து ரூமுக்குள்ள போச்சு."

போய்த் தொட்டுவிட்டு வந்தேன். விட்ட சொல்லிலிருந்தே எல்லாரும் ஒரே குரலில் பாடத் தொடங்கினார்கள்.