தேசம்மாவுக்கு வராத முறை

நான் பொய் சொன்னேன். “பெண்களைக் கேட்டுவிட்டேன், அவர்களுக்கு வர விருப்பமில்லை” என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். ஒரு பெண்ணைக்கூட நான் கேட்கவில்லை!

பழவேற்காடு ஏரியோரம் எங்கள் குப்பம். இங்கே எது எந்த மாதம் நடந்தது என்று குறித்து வைப்பவன் நான். படிக்கிறவன் என்ற பெயரும் உண்டு. அதனால்தான் போன சித்திரையில், ஆராய்ச்சிக்கு வந்த மருத்துவர்கள் என்னைத் தேடி வந்தார்கள். ஏரியில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கும் பெண்களுக்கு ஏன் அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருகிறது? இதுதான் ஆராய்ச்சி. என்னென்ன கேட்க வேண்டும் என்பதை நோயாளிகளே எங்களோடு உட்கார்ந்து முடிவு செய்யட்டும், அப்படிச் சிலரை அனுப்புங்கள் என்றார்கள்.

ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் எந்த வீட்டார் வலை போடுவது என்று நாங்கள் முறை வைத்திருக்கிறோம். பாடு என்போம். அந்தப் பாடு முறைப்படியே ஆராய்ச்சிக் கூட்டத்துக்கும் ஆள் அனுப்பினேன்! பாடு ஆண்களுக்குத்தான். ஒவ்வொரு கூட்டத்துக்கும் முறைக்காரர் போனார், டீ குடித்தார், வீட்டுப் பெண்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். ஊரில் யாருக்கும் இது விநோதமாகப் படவில்லை. நோயாளிகள் எங்கே என்று ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மாதான் கேட்டார். அப்போது சொன்னதுதான் அந்தப் பொய்.

வழக்கத்தின்மேல் பழி போட்டுத் தப்பித்துக்கொள்ளலாம்... ஆனால் நீங்கள் நம்பினாலும் நான் நம்பமாட்டேன்.

என் தங்கை தேசம்மா பாடு உரிமை இல்லாத வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றில் இறால் தடவுகிறவள். அடிக்கடி காய்ச்சலில் விழுவாள். கூட்டம் பற்றி முதலில் கேட்டவளே அவள்தான். “எனக்கு எப்பண்ணா முறை?” என்றாள். நான் பேச்சை மாற்றினேன். என் கூடப்பிறந்தவள் அந்நியர் நடுவில் சிறுநீரைப் பற்றிப் பேசுவதா? வெட்கப்பட்டவன் நான், அவள் அல்ல!

ஐப்பசியில் மறுபடி காய்ச்சல். குளிர் நடுக்கம், தாங்க முடியாத முதுகுவலி... பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தொற்று சிறுநீரகம் வரை போய்விட்டது என்றார்கள். பிழைத்தாள். சிறுநீரகமும் தப்பியது. இதை எழுதும்போதே மூச்சு இலேசாகிறது.

உடம்பு தேறியதும் அவளாகவே கூட்டத்துக்கு வந்தாள். அன்று முறை என்னுடையது. “தள்ளி உக்காருண்ணா. உனுக்கு இன்னா நோவு?” என்றாள். தள்ளி உட்கார்ந்தேன்.

பிறகு டாக்டரம்மாவைப் பார்த்துச் சொன்னாள்: “காலைல எறங்குனா மத்தியானம் வரிக்கும் ஒதுங்க எடம் கெடையாதும்மா. அதுக்குப் பயந்துகினு தண்ணியே குடிக்கிறதில்ல. அத்த கேளுங்க மொதல்ல.”

கேள்விகளில் இன்று அதுதான் முதலாவது. இப்போது கூட்டத்துக்குப் பெண்களே போகிறார்கள். என்னை யாரும் கூப்பிடுவதில்லை. எத்தனை நிம்மதி!

டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். இனி அவர்களையே நேரில் கேட்டுக்கொள்கிறோம் என்றார், அவ்வளவுதான். தேசம்மாவிடமும் சொன்னேன். மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிராமலே, “தெரியும்” என்றாள்.

எப்போதிலிருந்து தெரியும்? ஆஸ்பத்திரியில் அவள் நடுங்கிக் கிடந்தபோது, நான் பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டேனே... அப்போதுமா?

இன்னும் கேட்கவில்லை.