அண்ணி வாசித்த தேறாத கதைகள்

கல்யாணமாகி வந்த மறுநாள் அண்ணியின் பெட்டியைத் திறந்த அம்மா, மேலாக இருந்த தடித்த ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் எடுத்தாள். அட்டையில் கறுத்த கடலிலிருந்து நீண்ட நீண்ட கைகள் எழும்பிக்கொண்டிருந்தன. "கணவா மீன் சமையல் புக்காம்மா?" என்று கேட்டாள். கடலோர வீராம்பட்டினத்துப் பெண், மீன் குழம்பில் கெட்டிக்காரி என்று சொல்லித்தான் அண்ணனுக்குப் பார்த்திருந்தார்கள். "இல்ல அத்த, பேய்க் கத மாதிரி," என்றாள் அண்ணி. அம்மா புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பேய்க் கதை என்றது அம்மாவுக்காக. தனியார் பள்ளியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்த அண்ணி, நாத்தனாரான எனக்கு வேறு மாதிரி விளக்கினாள். இந்தக் கதைகளில் செத்தவர்கள் பழிவாங்க வருவதில்லை. கடலுக்கு அடியிலோ நட்சத்திரங்களுக்கு அப்பாலோ நினைத்துப் பார்க்க முடியாத அளவு பெரிதாக ஏதோ ஒன்று இருக்கிறது. அதற்கு நாம் இருப்பதே தெரியாது. பயம் அதில்தான். சின்ன வயதில் அப்பாவோடு படகில் போனவளுக்கு அது புதிதாகத் தோன்றவில்லை. "கடலுக்கு நம்மளத் தெரியுமா, அது மாதிரி," என்பாள்.

வாங்கிப் படித்த எனக்கு எரிச்சல்தான் மிஞ்சியது. ஒரு கதை தூக்கத்தைக் கெடுக்கும். அடுத்த நாலைந்தில் அதே கைகள், அதே பிசுபிசுப்பு, சொல்லில் அடங்காத உருவம் என்று சொல்லிவிட்டு இரண்டு பக்கத்துக்கு வர்ணனை. எந்தத் தொகுப்பை எடுத்தாலும் இதே கதி. தேறாததைத் தள்ளிவிடலாமே என்றால், "பாவம், அதையும் யாரோ உக்காந்து எழுதிருக்காங்க," என்று சிரிப்பாள்.

பிறகு ஒருநாள், பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்த அண்ணனுக்கு இடது கண்ணில் திரை இறங்கியதுபோல் பாதி மறைந்தது. விழித்திரை கழன்றுவிட்டது என்றார்கள். அறுவை சிகிச்சை செய்து, கண்ணுக்குள் காற்றை நிரப்பி, ராப்பகலாகக் குப்புறவே படுத்திருக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த நாட்களில் அவன் பார்த்ததெல்லாம் தரையும் அண்ணியின் பாதங்களும்தான். "நான் யாருக்கு என்ன பாவம் பண்ணேன்?" என்று தரையைப் பார்த்தே கேட்டுக்கொண்டிருப்பான். அம்மா ஒவ்வொரு சாமியாக வேண்டிக்கொண்டாள்.

பொழுது போகட்டும் என்று அண்ணி கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, அந்தக் கதைகளைத் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தாள். மோசமான கதைகள் அண்ணனுக்குப் பிடித்துப்போயின. "இத எழுதனவன் கடலயே பாத்திருக்க மாட்டான்," என்பான். தலையை ஆட்டாமல் சிரிக்கப் பழகிக்கொண்டான்.

ஒரு மாலை அண்ணி பாதியில் நிறுத்தினாள். கடலின் ஆழத்தை அளக்கப் போனவன், அளவு தினமும் மாறுவதைக் கண்டு, கீழே இருப்பது தரையல்ல, மூச்சு விடும் உடம்பு என்று புரிந்துகொள்ளும் இடம்.

"அப்புறம்?"

"இது தேறாதுங்க. வேற படிக்கிறேன்."

"நல்ல கததான். உன் கொரலே எறங்கிடுச்சி. படி."

அவள் படித்தாள். கடலுக்கடியில் கிடந்த அந்த உடம்பு, அளக்கப் போனவனை ஒன்றும் செய்யவில்லை. கவனிக்கக்கூட இல்லை. ஒருமுறை புரண்டு படுத்தது, அவன் கப்பல் மூழ்கிப்போயிற்று. அண்ணன் தரையைப் பார்த்தபடியே கேட்டான்: "அதுக்கு அவன் மேல கோவம் ஒண்ணும் இல்லல்ல?"

"இல்ல."

"அவன் ஒரு தப்பும் பண்ல."

"பண்ல," என்றாள் அண்ணி. கட்டிலிலிருந்து கையை நீட்டி அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டான். பாவம் பற்றிய கேள்வியை அதன் பிறகு அவன் கேட்டு நான் கேட்டதில்லை.

பார்வை பாதிதான் திரும்பியது. வேன் ஓட்டுவதை விட்டுவிட்டான். இப்போது அதே பள்ளியில், எந்த வண்டி எந்தத் தெருவுக்கு என்று பிரித்து அனுப்பும் வேலை. நான் சென்னையில் இருந்துகொண்டு புத்தக மதிப்புரை எழுதுகிறேன். போன வாரம் அண்ணி வாசிக்கும் மாதிரிக் கதைகளின் தொகுப்பு ஒன்றைப் பற்றி, கதைகள் ஒரே தரத்தில் இல்லை என்று கடுமையாகவே எழுதியிருந்தேன். அண்ணி போன் செய்தாள்.

"நீ எழுதனத அவருக்குப் படிச்சிக் காட்டனேன். அந்த புக்க உடனே அனுப்பச் சொல்றாரு."

"அதுல பாதி தேறாது அண்ணி."

பின்னாலிருந்து அண்ணனின் குரல் கேட்டது: "அந்தப் பாதிக்குத்தாம்மா கேக்கறேன்."