லடாக் பைக்குள் இருந்த பொடி டப்பாக்கள்

எண்பதுகளில் ஒரு வருடம் எங்கள் வீட்டில் எந்நேரமும் லடாக் பேச்சுத்தான். அப்பாவுக்கு அரசாங்க உத்தியோகம். குடும்பத்தோடு ஊர் சுற்றிவரச் சலுகை உண்டு. பனி உருகிப் பாதை திறந்ததும் ஆனியில் போவதாக முடிவாகியிருந்தது. அம்மா எல்லாருக்கும் கம்பளிக் குல்லாய் பின்னினாள். பருப்புப்பொடியையும் புளிக்காய்ச்சலையும் டப்பாக்களில் அடைத்துப் பைகளில் வைத்தாள்.

எல்லாம் கட்டி முடித்த பிறகுதான், கூட வருவதாக இருந்த பெரியப்பா வாயைத் திறந்தார்.

"ஆள் அரவமே இல்லாத பனிக்காடு அது. பொம்பளைங்களையும் இழுத்துக்கிட்டுப் போனா நமக்குத்தான் பாரம்."

அப்பாவும் அதற்குத் தலையாட்டிவிட்டார். அம்மா, பெரியம்மா, நான், மூன்று பேரும் வீட்டில் இருப்பதென்று ஆயிற்று. இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாள் மாங்கனித் திருவிழா. கயிலையில் கால் படக் கூடாதென்று தலையாலேயே நடந்து போய்ச் சேர்ந்த எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு நடக்கும் விழா அது. பெரியப்பா மொட்டைமாடியில் நின்று பக்தியோடு மாம்பழம் இறைத்துக்கொண்டிருந்தார். தன்னந்தனியாக இமயமலைக்குப் போனவளுக்குப் பழம் வீசுகிற மனுஷருக்கு, ரயிலிலும் பஸ்ஸிலும் வரவிருந்த நாங்கள் பாரமாம். கூடையைப் பிடுங்கித் தெருவில் கவிழ்க்கலாம் போலிருந்தது எனக்கு.

லடாக்குக்குக் கிளம்பும்போது அப்பா பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பொடி டப்பால்லாம் எங்க?" என்று கேட்டார்.

"வெளிய எடுத்து வச்சிட்டேங்க," என்றாள் அம்மா. "உங்களுக்குத்தான் பாரம்."