இடது கையால் எழுதிய கேள்வி

ட்யூஷனில் இந்த வாரம் ஒரு காலி பிஸ்கட் டப்பா வைத்தேன். எல்லாம் அதனால் வந்தது!

புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பிளஸ் ஒன் பெண்கள் ஒன்பது பேருக்குப் பாடம் எடுக்கிறேன். (எங்கள் குடும்பத்தில் டிகிரி முடித்த முதல் ஆள் நான். வாயைத் திறந்து பேசுவதில் கடைசி ஆள்.)

காதல், உடம்பு, பயம் என்று எதைப் பற்றி வேண்டுமானாலும் பெயர் எழுதாமல் கேட்டு டப்பாவில் போடச் சொன்னேன். கேள்வி இல்லாதவர்களும் "ஒன்றுமில்லை" என்று எழுதிப் போட வேண்டும். அப்போதுதான் கேட்டது யார் என்று தெரியாது.

ஒன்றை மறந்துவிட்டேன். தினமும் இவர்கள் நோட்டைத் திருத்துவதே நான்தான். ஒன்பது பேர் கையெழுத்தும் எனக்கு மனப்பாடம்!

பிள்ளைகள் மறக்கவில்லை. ஒன்பது சீட்டிலும் இடது கைக் கிறுக்கல். (இந்த மூளையைப் பிசிக்ஸில் காட்டக் கூடாதா?)

முகப்பரு, முடி கொட்டுவது, நாலைந்து "ஒன்றுமில்லை". கடைசிச் சீட்டில் என் கை நின்றுவிட்டது.

"ஞாயித்துக்கிழமை அவன் பிரண்டு வீட்டுக்கு வரச் சொல்றான். யாரும் இருக்க மாட்டாங்களாம். வரலன்னா எம்மேல நம்பிக்கை இல்லன்றான். எனக்கு அதெல்லாம் இப்ப வேணாம்னு இருக்கு. ஆனா அவன் போயிட்டா?"

எனக்குக் காது வரை சூடாகிவிட்டது. எல்லாருக்கும் கேட்கப் படித்தேன். "நீங்களே சொல்லுங்கடி" என்று அவர்களிடமே விட்டுவிட்டேன்.

"போவாதன்னு சொல்லுக்கா. அவ்ளோதான்!" என்றாள் ஒருத்தி.

"புடிச்சவன் கேக்கறான்டி. அவ்ளோ ஈசியா?" என்றாள் அடுத்தவள்.

"புடிச்சவன்னா இவளுக்கு இஷ்டம் இல்லன்னு தெரிய வேணாமா? நம்பிக்கையாம்! எங்கிட்ட ஒருத்தன் போன் பாஸ்வேர்டுக்கே இதே டயலாக்தான் வுட்டான்" என்றாள் மூன்றாமவள்.

மாடியே சிரித்தது.

"அக்கா, ஒருத்தி ஏற்கனவே போயிருந்தா, அவ கெட்டவளா?" என்று கடைசியில் இருந்தவள் கேட்டாள்.

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"இல்லடி. அவளும் 'இனிமே வேணாம்'னு எப்ப வேணா சொல்லலாம். எங்கிட்ட வந்தா திட்ட மாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போவணும்னாலும் தொணைக்கு வரேன்."

இவ்வளவு நீளமாக நானா பேசினேன்!

இன்று ஞாயிறு. ட்யூஷன் கிடையாது. பத்தரை மணிக்குப் புத்தகத்தோடு ஒருத்தி மாடிப்படி ஏறி வந்தாள்.

"சும்மாதான்க்கா வந்தேன். இங்க படிச்சுக்கட்டுமா?"

பாயை விரித்துப் போட்டேன். அவள் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. நாலாவது முறை எடுத்தாள்.

"நான் வரல... நம்பிக்கை இல்லாம இல்ல. எனக்கு வேணாம், அவ்ளோதான். பேசணும்னா சாயங்காலம் பீச் ரோட்டுக்கு வா, எல்லாரும் இருக்கற எடத்துல பேசலாம்."

அந்தப் பக்கம் கட் ஆனது.

அழுதாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். (எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. தண்ணீர் கொடுக்கத் தெரியும்.)

"திரும்பக் கூப்புடுவானாக்கா?"

"தெரியலடி. உனக்கு இப்ப எப்படி இருக்கு?"

மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"கஷ்டமாதான் இருக்கு. ஆனா ராத்திரி தூங்கிடுவேன்னு நெனைக்கறேன்." பிறகு, "கீழ அம்மா மீன் வறுக்கறாங்களாக்கா?"

கீழே போய் அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட்டோம்.

சில விவரங்களை மாற்றி, அவளிடம் படித்துக் காட்டிய பிறகுதான் இந்தப் பதிவைப் போடுகிறேன்.

"பேரு போடாதக்கா. ஆறு துண்டு மீன் தின்னேன்னும் போடாத!" என்றாள்.

பெயர் போடவில்லை.