தீவுக்குப் பூக் கேட்டது

2024 ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். வெள்ளிமலையில் பனி இன்னும் விலகவில்லை. கடுக்காய் மரத்தடியில் சாமிக் கல் தெரிந்தது, மரத்தின் உச்சி தெரியவில்லை. கல்லின் முன்னால் மூன்று பேர் நின்றோம். நான், என் மனைவி, என் நண்பர். நானும் நண்பரும் டையூ தீவுக்குப் போகலாமா, கூடாதா என்று சாமியிடம் பூக் கேட்க வந்திருந்தோம்.

நண்பர் மலைக்காரர். வெள்ளிமலைப் பள்ளியில் பதினோரு வருடம் நான் சமூக அறிவியல் நடத்தினேன், பக்கத்து வகுப்பில் அவர் கணக்கு நடத்தினார். ஓய்வு பெற்ற பிறகு அவர்கள் பங்காளிகளின் சாமிக்கு அவர்தான் பூசை செய்கிறார். மெரினாவை ஒருமுறை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். கடலில் கால் வைத்ததில்லை.

டையூ என் ஆசை. குஜராத்தின் அடியில் ஒரு புள்ளி. நானூறு வருடங்களுக்கு மேல் போர்ச்சுக்கீசியர் கையில் இருந்தது. ஒரு சின்ன உப்பங்கழி நடுவே ஓடுவதால்தான் அது தீவு. கடலோரக் கோட்டையைப் பற்றி வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொல்வேன். அங்கே பனைமரம் கிளை விடும் என்றும் சொல்வேன். அதைக் கேட்டுக்கொண்டே ஒருநாள் நண்பர் என் வகுப்பு வாசலில் வந்து நின்று, "கெளை வுட்ட பனையா? நீங்க கத வுடாதீங்க சார்" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். ரிட்டயர் ஆனதும் இழுத்துக்கொண்டு போய்க் காட்டுகிறேன் என்றேன். அவரும் சரி என்றார்.

ரிட்டயராகி எட்டு வருடம் கழித்துத்தான் அது கைகூடி வந்தது. நான்கு மாதம் திட்டம் போட்டேன். நாற்பது பக்க நோட்டில் முப்பத்தோரு பக்கம் எழுதியிருந்தேன். உளுந்தூர்பேட்டை வழியாகச் சென்னை, அங்கிருந்து அகமதாபாத், பிறகு வேராவல், கடைசியில் மூன்று மணி நேரம் பஸ். இரண்டு பேருக்கும் கீழ்ப் படுக்கை. முதியோருக்கு இருந்த சலுகையை எடுத்துவிட்டார்கள், அந்தக் கோபம் தனி. கடற்கரைக்குப் பக்கத்தில் தரைத்தள அறை. மாத்திரை ஒன்பது நாளைக்கு இருபத்தேழு, ரயில் தாமதமானால் என்று இன்னும் ஆறு. மணலில் நடக்க ரப்பர் செருப்பு. பிப்ரவரி ஒன்பதாம் தேதி புறப்பாடு. மனைவியையும் அழைத்தேன். முட்டி வலியோடு அத்தனை நாள் ரயிலில் உட்கார முடியாது, நீங்கள் இருவரும் போய்வாருங்கள் என்று சிரித்த முகமாகத்தான் சொன்னாள்.

எல்லாம் முடிந்த பிறகு, சாமியைக் கேட்காமல் மலை தாண்டுவது எங்கள் வழக்கமில்லை என்றார் நண்பர். எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ, தனித்தனிப் பொட்டலம். வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. கள்ளக்குறிச்சியில் என் வீட்டு அரளிச் செடிகளில் வெள்ளை ஆறும் சிவப்பு ஆறும் பறித்துப் பையில் போட்டேன். எண்ணாமல் நான் எதையும் பையில் போடுவதில்லை.

நண்பர் கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்து பொட்டலம் மடித்தார். என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். சிவப்பு. மற்றதை நண்பர் பிரிக்காமல் ஓடைத் தண்ணீரில் விட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "வுடுங்க சார், சாமியே வாணாம்னுடுச்சி" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்து நான்தான் அவருக்கு ஆறுதல் சொன்னேன்.

ஒரு நாள் தள்ளினாலும் பிடித்தம் கூடிவிடுமோ என்ற பயத்தில், கள்ளக்குறிச்சியில் இறங்கியதும் நேராக நெட் சென்டருக்குப் போய் எல்லா டிக்கெட்டையும் ரத்து செய்தேன்.

மாலையில் விளக்கேற்றும் நேரம். மிச்சப் பூக்களை மனைவி சாமி படத்துக்கு வைத்துக்கொண்டிருந்தாள். நான் பழக்கத்தில் எண்ணினேன். வெள்ளை ஆறு. சிவப்பு நான்கு. மறுபடி எண்ணினேன். பையை உதறிப் பார்த்தேன். எப்படி எண்ணினாலும் இரண்டு பொட்டலத்திலும் சிவப்புதான் இருந்திருக்க வேண்டும்.

"வெள்ளப் பூ ஒண்ணுகூட கொறையலியே" என்றேன்.

அவள் திரும்பவில்லை. "நான்தான் அவர வெக்கச் சொன்னேன்" என்றாள்.

ஏன் என்று கேட்டேன். விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டே சொன்னாள். "உளுந்தூர்பேட்டையில நம்ம ஊர்ப் பேரே மறந்துட்டீங்களாமே. ரெண்டு நாள் ரயில்ல போற எடத்துல மறந்தா நான் எங்கன்னு போய்த் தேடறது? நான் சொன்னா கேப்பீங்களா? சாமி சொன்னா கேப்பீங்கன்னுதான்."

பூவைவிட அந்த ஊர்ப் பேர்தான் என்னை அடித்தது.

நவம்பரில் சென்னையிலிருந்து திரும்பும்போது நடந்தது அது. உளுந்தூர்பேட்டையில் பஸ் மாற இறங்கினேன். உட்கார்ந்து நெடுஞ்சாலை லாரிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். போனில் சார்ஜ் இல்லை. நூற்றுப் பன்னிரண்டாவது லாரி போனபோது எந்த ஊர் பஸ் ஏற வேண்டும் என்று நினைவுக்கு வரவில்லை. சட்டைப் பையில் இருந்த மருந்துச் சீட்டைப் பார்த்துத்தான் கள்ளக்குறிச்சி என்று தெரிந்தது. வீட்டுக்கு இரண்டரை மணி நேரம் தாமதமாக வந்து, பஸ் கிடைக்கவில்லை என்றேன். உண்மையை ஒரே ஒருவரிடம்தான் சொன்னேன். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னேன். நண்பர் தலையாட்டினார்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் தனியாக மலை ஏறினேன். நண்பர் வாசலில் சாமை காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"நேரா என்கிட்ட சொல்லியிருக்கலாமே சார்" என்றேன்.

"சொன்னா நீங்க கணக்குப் போட்டே என்ன ஜெயிச்சுடுவீங்க. சாமிகிட்டதான் உங்க கணக்கு செல்லாது."

"என் கணக்குலதான் மாட்டிக்கினீங்க."

அவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. உளுந்தூர்பேட்டை விஷயத்தை ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். அன்றைக்கு அந்த இரண்டரை மணி நேரமும் என் மனைவி தனக்குப் போன் செய்து அழுதுகொண்டே இருந்தாள், அதற்குப் பிறகு எப்படி மறைப்பது என்றார். சாமியிடம் திரும்பப் பூக் கேட்க வேண்டும் என்றேன், இந்த முறை பொட்டலம் நான் கட்டுகிறேன் என்றேன். சாமி பேரைச் சொல்லிப் பொய் சொன்னதற்கு முதலில் அபராதமாகச் சேவல் கொடுக்க வேண்டும் என்றார். அவரே வாங்குவதாகவும் சொன்னார். நான் விடவில்லை. நான் வாங்கினால்தான் திரும்பக் கேட்கும் உரிமை எனக்கு இருக்கும் என்று தோன்றியது.

சேவல் கொடுத்த பிறகு, வீட்டிலிருந்து கொண்டுபோன ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு, இரண்டையும் அவர் கண்முன் மடித்தேன். துண்டில் போட்டுக் குலுக்கினேன். எடுங்கள் என்றேன். அவர் வெகுநேரம் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

வெள்ளை.

முறையில்லை என்று தெரிந்தும் மற்றதை நானே பிரித்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். சிவப்பு. சாமிக்கு முன்னால் நான் பொய் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

"சாமி போவச் சொல்லிடுச்சி" என்றேன்.

அவர் அந்த வெள்ளைப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கல்லின் மேல் வைத்தார். "ஆமா சார். ஆனா நான் வரல. உங்கள கூட்டிக்கினு போய்க் காணாக்கிட்டு, அந்தம்மா மூஞ்சில நான் எப்பிடி முழிக்கறது?"

"அப்ப சாமிய எதுக்குக் கேட்டீங்க?"

அவர் வீட்டுக்கு வந்ததும் டிக்கெட்டில் தன் பங்கு என்று ரூபாயை நீட்டினார். வாங்கவில்லை. படியின் ஓரத்தில் அவர் வாங்கிய ரப்பர் செருப்பு இருந்தது. விலைச் சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தும் எனக்கு மனம் இளகவில்லை. அவரும் நானும் சேர்ந்து பார்க்க வேண்டிய மரம் அது. தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னால், கதை விடாதீங்க என்பார். அல்லது, அதைவிட மோசம், ஒன்றும் சொல்லாமல் இரக்கத்தோடு தலையாட்டுவார்.

பஸ் மலை இறங்கியபோது வளைவுகளை எண்ணினேன், ஏறும்போது எண்ணியதோடு ஒத்துப்போயிற்று. கள்ளக்குறிச்சியில் சரியான நிறுத்தத்தில் இறங்கினேன். மனைவி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று நான் கேட்கவில்லை. சாமி என்ன சொன்னது என்று அவளும் கேட்கவில்லை.

நோட்டின் முப்பத்திரண்டாம் பக்கத்தில் எழுதிக் கூட்டினேன். ரயில் டிக்கெட் பிடித்தம் தொள்ளாயிரத்து அறுபது, திருப்பித் தராத அறை முன்பணம் ஆயிரத்து ஐந்நூறு, நெட் சென்டருக்கு நூறு, இரண்டு முறை மலைக்குப் போய்வந்த பஸ் இருநூற்று எழுபது, சேவல் அறுநூற்று ஐம்பது. மொத்தம் மூவாயிரத்து நானூற்று எண்பது ரூபாய்.