கிருபையரின் தறப்பாள்

குனிந்து ஒரு கயிற்றை இழுத்துப் பார்க்கிறார். முடிச்சு அசையவில்லை. "ம்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு அடுத்த கயிற்றுக்கு நகர்கிறார். அதுவும் அசையவில்லை. நேற்றுப் பின்னேரம் அவர் கையாலேயே போட்ட முடிச்சுகள்தான். இரவோடு இரவாக யார் வந்து அவிழ்க்கப் போகிறார்கள்? ஆனாலும் விடிந்தால் கிருபையருக்கு முதல் வேலை இதுதான். முகம் கழுவுவதும் ஜெபம் செய்வதும் இதற்குப் பிறகு. அரியாலைக் கரையில் காலையில் நடக்கப் போகிற, பக்கத்து வீட்டுக்காரியான நான் தினமும் இந்தக் கண்கொள்ளாக் காட்சியைப் பார்த்துத் தொலைக்க வேண்டியிருக்கிறது.

அந்த முடிச்சுகளுக்குக் கீழே ஒரு படகு இருக்கிறது. இருக்கிறது என்றுதான் எல்லோரும் நம்புகிறோம். கரையை வெட்டி, கல் அடுக்கி, கடல்நீரை உள்ளே விட்டு, அந்தப் படகு மட்டும் நுழைகிற அளவில் ஒரு துறை செய்திருக்கிறார். கல்லில் உரசாமல் இரண்டு பக்கமும் பழைய ரயர்கள். படகின்மேல் முதலில் கட்டில் விரிப்பு. அதன்மேல் பச்சைத் தறப்பாள், அது ஒரேயொரு தரம் கரையை விட்டுப் போய்த் திரும்பி வந்தது. பச்சை நல்ல சாமான், அது வெயிலில் பழுதாகக் கூடாதென்று மேலே ஒரு பழைய நீலத் தறப்பாள். நீலம் கிழியக் கூடாதென்று தென்னோலைக் கிடுகு. கிடுகு பறக்கக் கூடாதென்று வலைத்துண்டு. மழைத்தண்ணீர் தேங்காமல் வழிந்தோட உள்ளே முகடாக ஒரு தடி நிறுத்தியிருக்கிறார். தடி தறப்பாளைக் குத்துமே என்று அதன் நுனிக்குப் பழைய காலுறை ஒன்றைப் போட்டிருக்கிறார். சத்தியமாகச் சொல்கிறேன், காலுறை.

எஞ்சின் அங்கே இல்லை. அது வீட்டில், அலுமாரிக்குப் பக்கத்தில், போர்வை போர்த்து நிற்கிறது. இருட்டில் தண்ணீர் குடிக்க எழும்பிய அவருடைய மனைவி மார்கிரட் அக்கா, யாரோ ஆள் நிற்கிறான் என்று கத்தி ஊரைக் கூட்டியதும் நடந்தது.

மேலே இவ்வளவு சோடனை. கீழே? ஒருநாள் துறையில் இறங்கி, தண்ணீருக்குள் கிடக்கிற படகின் அடியைத் தடவிப் பார்த்தேன். சிப்பி பிடித்து அரம் மாதிரி இருந்தது. விரல் கீறி இரத்தம் வந்தது.

"அண்ணை, அடியெல்லாம் சிப்பி பிடிச்சுக் கிடக்கு. ஏத்திச் சுரண்ட வேணும்."

"அது தண்ணிக்குள்ளை தானே பிள்ளை, ஆர் பாக்கப்போகினம்?" என்றார்.

முழுப்பெயர் கிருபைரட்ணம். அரச திணைக்களம் ஒன்றில் களஞ்சியக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மண்வெட்டி கேட்டு வந்தவனுக்கு அன்றைக்கே மண்வெட்டி கொடுத்தார் என்று ஒரு கதையும் கிடையாது. அவர் ஓய்வு பெற்றபோது, பிரிக்காத பெட்டிகளைக் கறையான் பிரித்து வைத்திருந்ததாம். அங்கே வேலை செய்த ஒருவர் இதை அவருக்கு முன்னாலேயே சொல்லிச் சிரித்தார். கிருபையர் கொஞ்சமும் கூசவில்லை. "ஒண்டும் குறையேல்லைத்தானே?" என்று கேட்டார், பெருமையாக.

வீட்டுக்குள் போனால் இன்னும் விசேஷம். கதிரைகளில் கடையில் சுற்றிய பிளாஸ்டிக் இன்னும் இருக்கிறது. வைகாசி வெயிலுக்கு அதில் உட்கார்ந்துவிட்டு எழும்பினால் தொடைத்தோல் அதனோடு ஒட்டிக்கொண்டு வரும். ரிமோட்டுக்குப் பொலித்தீன் உறை. மோட்டார் சைக்கிளுக்குச் சாக்கு உடுப்பு. சந்தைக்கு நடந்துதான் போவார். பொய்ப்பல் ஞாயிறு ஆராதனைக்கு மட்டும் வாய்க்குள் போகும். மற்ற நாட்களில் டப்பாவில். "சும்மா போட்டால் தேயும் பிள்ளை." சாப்பிடுவது சும்மா வேலை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மனிதர் பல்லை டப்பாவில் பூட்டி வைத்துவிட்டுச் சோற்றைக் குழைத்து விழுங்குகிறார். "நான் கண்ணை மூடினால் எனக்கும் ஒரு தறப்பாள் வாங்குவார்" என்பார் மார்கிரட் அக்கா.

சண்டைக்கால இடம்பெயர்வில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிய மனிதர், அதனால்தான் இப்படி என்று அவருக்காகப் பேசவும் ஆட்கள் இருக்கிறார்கள். போதும், கேட்டுக் காது புளித்துவிட்டது. இந்த ஒழுங்கையில் எந்த வீட்டுக்குப் பொருள் பண்டம் போகவில்லை? என் வீட்டில் கதவு நிலையைக்கூடக் கழற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்து நான் வாங்கிய நல்ல கோப்பையில் அன்றிலிருந்து இன்றுவரை தேத்தண்ணி குடிக்கிறேன். உடைந்தால் இன்னொன்று வாங்குவேன்.

இவர் கதிரையை மூடட்டும், பல்லை மூடட்டும், எனக்கென்ன வந்தது? படகு விஷயத்தில்தான் எனக்கு வயிறு எரிகிறது. அந்தப் படகு அவருடையதே அல்ல.

மகன் நிர்மலன் டென்மார்க்கில் இருக்கிறான். இரண்டு வருடத்துக்கு முன் வந்தபோது, தகப்பன் வீட்டோடு இருக்கிற அக்கா ஜெயனியின் குடும்பம் படும் பாட்டைப் பார்த்தான். ஜெயனியின் கணவன் ஜெரிசன் வேலை செய்த ஐஸ் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ஜெரிசன் பாசையூரில் கடலோடு வளர்ந்த பிள்ளை. அதனால் நிர்மலன் படகையும் எஞ்சினையும் வாங்கிக் கொடுத்து, "அத்தான், பூநாரை பாக்க வாற சனத்தை ஏத்தி ஓடுங்கோ" என்றான். போகிற அவசரத்தில் படகைக் கட்டிய சங்கிலிப் பூட்டின் திறப்பை மட்டும் தகப்பன் கையில் கொடுத்துவிட்டான். அவன் செய்த பிழை அது ஒன்றுதான். களஞ்சியக் காப்பாளரின் கைக்குப் போன திறப்பு! அது அன்றைக்கு அவர் இடுப்பில் ஏறியது, பிறகு இறங்கவேயில்லை.

"போட் ஓடினால் இஞ்சை இருப்பன் அன்ரி. இல்லாட்டில் கட்டாருக்குத்தான்" என்று ஜெரிசன் என்னிடம் சொல்லியிருந்தான். அப்போது அவர்களுடைய மகள் நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். இதெல்லாம் கிருபையருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் "சோளகக் காத்து ஓயட்டும்" என்றார். சோளகம் ஓய்ந்தது. "மாரி கழியட்டும்" என்றார். கழிந்தது. "பனி விடட்டும்" என்றார். காற்றில்லாத, மழையில்லாத, வெயிலும் பனியும் இல்லாத ஒரு நாளைக் கர்த்தர் இனிமேல்தான் படைக்க வேண்டும்.

போன மாசியில் ஒருதரம் வசமாக மாட்டினார். கொழும்பிலிருந்து ஒரு டாக்டரும் மனைவியும் பூநாரை பார்க்க வருகிறார்கள், சனிக்கிழமை விடிய ஏற்றிப்போக முடியுமா என்று ஜெரிசனிடம் கூட்டாளி ஒருவன் கேட்டிருந்தான். என்ன நினைத்தாரோ, கிருபையர் "ஓம்" என்றுவிட்டார். ஜெயனியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! வேலிக்கு மேலால் எட்டிக் கூப்பிட்டு எனக்குச் சொன்னாள். வெள்ளி பின்னேரமே மூடியைக் கழற்றி வைப்போம் என்றான் ஜெரிசன்.

"இரவுப் பனி முழுக்க உள்ளுக்கை இறங்கும் தம்பி. விடியக் கழட்டுவம். என்ன பெரிய வேலையே?"

விடிந்ததும் நானும் போனேன். கிடுகுகளை ஒவ்வொன்றாக எடுத்து, உதறி, அளவு பார்த்து அடுக்கச் சொன்னார். நீலத்தைக் கட்டிய கயிறுகள் பனியில் ஊறி இறுகிக் கிடந்தன. வீட்டுக்குப் போய் முள்ளுக்கரண்டி எடுத்து வந்து முடிச்சுகளைக் கிண்டத் தொடங்கினார். "கெதியா மாமா" என்று ஜெரிசன் கெஞ்சினான். "பொறும், கயிறு பிஞ்சு போகும்" என்றார். கழற்றிய நீலத்தை வெயிலில் விரித்தார். காயாமல் மடித்தால் மணக்குமாம். டாக்டரும் மனைவியும் மீன்பெட்டிமேல் இருந்து நுளம்புக்கு இரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் பூநாரைகள் கழுத்தைத் தண்ணீருக்குள் விட்டு மேய்ந்துகொண்டு நின்றன. பச்சைத் தறப்பாளில் அவர் கைவைத்த நேரம் காற்று எழும்பிவிட்டது.

அப்போதுதான் வலை எடுத்துவிட்டுத் திரும்பிய பேதுருவின் வள்ளம் கரையை ஒட்டி வந்தது. டாக்டர் எழும்பிக் கையைக் காட்டினார். பேதுரு மீனை ஒரு பக்கம் தள்ளி, சாக்கு ஒன்றை விரித்து, இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். ஜெரிசன் எஞ்சினைத் தோளில் சுமந்தபடி பார்த்துக்கொண்டு நின்றான்.

கிருபையர் என்ன சொன்னார் தெரியுமா?

"பாத்தியளோ, அவைக்கும் அலுவல் முடிஞ்சுது, எங்கடை போட்டிலையும் ஒரு கீறல் இல்லை."

சொல்லிவிட்டு நீலத்தை எடுத்து மறுபடி போர்த்தத் தொடங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வரும் வழியில் ஜெரிசனைத்தான் ஏசினேன். "நீரும் ஒரு மனுசனே? சங்கிலியை அறுத்தெறிஞ்சுபோட்டு எடுத்துக்கொண்டு போமன்!"

"மாமாவோடை கொழுவிப்போட்டு அந்த வீட்டிலை எப்பிடி அன்ரி இருக்கிறது?" என்றான். இப்போது கொழும்புச் சனம் வந்தால் பேதுருவைத்தான் கேட்டு வருகிறது.

அடுத்த கிழமை ஜெரிசன் பாஸ்போட்டை ஏஜென்சியில் கொடுத்தான். அலுவல் இழுபட்டு, ஐப்பசியில் விசா வந்தது. அன்று பின்னேரம், முன்பு இரவல் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். கிருபையர் முற்றத்தில் கயிறு கழுவிக்கொண்டிருந்தார். ஜெயனி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவருக்கு முன்னால் வந்து நின்றாள். தகப்பனிடம் ஒருநாளும் குரல் உயர்த்தாத பெண் அவள். அன்றும் உயர்த்தவில்லை.

"அப்பா, திறப்பைத் தாங்கோ. குடுத்தால் அவர் போகமாட்டார்."

கிருபையர் பேத்தியைப் பார்த்தார். கை இடுப்புக்குப் போனது. அவிழ்க்கப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் திறப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார்.

"மாரி துவங்கிட்டுது பிள்ளை. இப்ப திறந்தால் மழை முழுக்க உள்ளுக்கை. தை பிறக்கட்டும், நானே கழட்டித் தாறன்."

"தை பிறக்கேக்கை அவர் இஞ்சை இரார் அப்பா."

"போட் இருக்கும்தானே. வந்து ஓடட்டும்."

ஜெயனி குசினிக்குள் போனாள். நான் பாத்திரத்தை அவர் காலடியில் டங்கென்று வைத்துவிட்டு வந்தேன்.

கார்த்திகையில் ஜெரிசன் வெளிக்கிட்டான். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போக வான் வந்து நின்றது. காலையில் பிடித்த மழை விடவில்லை. வழியனுப்பப் போகிற ஆட்களும் பைகளுமாக உள்ளே இடமில்லை. ஜெரிசனின் பெட்டியை வானுக்கு மேலே ஏற்றினார்கள். சாரதி ஒரு பொலித்தீன் துண்டை எடுத்துப் போட்டான். அது பாதிப் பெட்டிக்குக்கூடக் காணாது. கிருபையரைக் காணவில்லை. ஜெபம் சொல்லி முடித்தும் காணவில்லை.

"போட்டடியிலைதான் நிப்பார் அன்ரி. மழை எண்டால் கேக்க வேணுமே" என்றாள் ஜெயனி.

"விடு பிள்ளை. அவருக்கு உதுதான் மகள், உதுதான் மருமகன்" என்றேன்.

ஒழுங்கை முடக்கில் ஏதோ இழுபடுகிற சத்தம் கேட்டது. கிருபையர் வந்துகொண்டிருந்தார். சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார். தலையால் தண்ணீர் வழிந்தது. தோளில் பச்சைத் தறப்பாள், மிச்சம் பின்னால் வெள்ளத்தில் இழுபட்டது. சாரதி தடுக்கத் தடுக்க, எழுபது தாண்டிய மனிதர் வானின் பின் ஏணியால் மேலே ஏறினார். பெட்டியைச் சுற்றித் தறப்பாளை விரித்து, மூலைகளை உள்ளே மடித்து, கயிற்றை இறுக்கினார்.

ஜெரிசன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தான். "மாமா, போட் நனையுமே."

"பெட்டிக்குள்ளை உடுப்பெல்லோ" என்றார் கிருபையர்.

இறங்கி வந்தவர் மருமகனின் கையைக்கூடப் பிடிக்கவில்லை. ஜெரிசன் மகளைக் கொஞ்சிவிட்டு ஏறினான். வான் சேற்றைக் கிளப்பிக்கொண்டு போய் ஒழுங்கை முடக்கில் திரும்பி மறைந்தது.

"அண்ணை, இப்பதான் உந்தத் தறப்பாளைக் கழட்டத் தெரிஞ்சுதோ?"

கேட்டுவிட்டேன். அந்த நேரத்தில் கேட்டிருக்கக் கூடாது என்று மார்கிரட் அக்கா பிறகு சொன்னார். கேட்டதற்காக நான் இன்றைக்கும் வருத்தப்படவில்லை. அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. வான் போன பக்கத்தைப் பார்த்தபடி ஒழுங்கை நடுவில் நின்றார். மழை உரத்துப் பெய்தது. ஜெயனி பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு, குடையைக் கொண்டுபோய் அவர் தலைக்கு மேல் பிடித்தாள்.

கிருபையர் குடையின் விளிம்பைப் பிடித்து, தன் தலைக்கு மேலிருந்து விலக்கிவிட்டார்.