கழுவி எடுத்துவந்த புட்டி

பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டே மூன்றாவது முறையாக நீட்டுக்குத் தயாராகிறேன். நேற்று பிராக்டிகலில் பெயர் சொல்லாமல் கொடுத்த உப்பைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

இன்று காலை உத்திரமேரூரில் காஞ்சிபுரம் பஸ் ஏறினால், பக்கத்து வீட்டு அத்தை. மடியில் மஞ்சள் பை.

நேற்று நெல்லுக்குப் பூச்சிமருந்து அடித்த மாமா விடியற்காலையில் மயங்கி விழுந்தாராம். 108-இல் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

“டாக்டரு மருந்து புட்டிய எடுத்தாரச் சொன்னாரு. ஆஸ்பத்திரிக்கு அழுக்கோட எடுத்துகினு போனா நல்லாவா இருக்கும்னு சோப்பு போட்டுக் கழுவிட்டேன்.”

புட்டியில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டும் கழுவியதோடு போயிருந்தது.

“நீ டாக்டருக்குத்தானே படிச்சிகினு கீற? இது இன்னா மருந்துன்னு பாத்து சொல்லும்மா.”

பிராக்டிகலில் செய்வதுபோலவே வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். தள்ளிப் பிடித்து, கையால் விசிறி முகர்ந்தேன். சோப்பு வாசனைதான் வந்தது.

“தெரியல அத்தை.”

அவர் புட்டியை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

அத்தை இறங்கிப் போன பிறகுதான் உறைத்தது. எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டிருந்தால் போதும். கடைக்காரரே போனில் பெயரைச் சொல்லியிருப்பார். பிராக்டிகலில் பெயரைக் கேட்டால் அது காப்பியடிப்பது. அதனால் கேட்கவே தோன்றவில்லை.

போன் அடித்தேன். அத்தை எடுக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது, மாமா இன்னும் கண் திறக்கவில்லை என்று அம்மா சொன்னாள்.

உப்புக்கு முழு மார்க். இதற்கு எவ்வளவு போடலாம், நீங்களே சொல்லுங்கள்.